அருள்மலரின் கைக்கு ஒரு வில்

நகரின் பார்க்டேல் பகுதியில், ஒரு வீட்டின் பின்பக்கக் கராஜில் ஃபிராங்க் வில் செய்து கொடுத்தான். மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் வில் பழகிவந்த அருள்மலர், தன் கைக்கென்று ஒன்று வேண்டுமென்று வசந்தத்திலேயே அவனிடம் சொல்லிவைத்திருந்தாள். மரம் தெரிவுசெய்ய அவன் கூப்பிட்டபோது இலைகள் கொட்டத் தொடங்கியிருந்தன. அதற்குள் அவளுடைய வலது கை தேத்தண்ணிக் கோப்பையைக்கூட நம்பிப் பிடிக்க முடியாததாகிவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன் நரம்பு டொக்ரர் சொன்னதை அவளுக்குத் தமிழில் சொன்னவன் அவள் கணவன் அகஸ்ரின். அவளுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு.

"கையில பலம் குறைஞ்சு போச்சாம். மெல்ல மெல்ல வந்திடுமாம்" என்றான்.

டொக்ரர் அப்படிச் சொல்லவில்லை.

கராஜுக்கு அகஸ்ரினும் அவளோடு வந்திருந்தான். ஃபிராங்க் மேசை முழுவதும் மரத்துண்டுகளைப் பரப்பியிருந்தான். அருள்மலர் ஒவ்வொன்றையும் முகர்ந்தாள், நகத்தால் கீறினாள். வில்லின் நடுவுக்கு மேப்பிள் மரத்துண்டொன்றை எடுத்துவைத்தாள். யூ மரத்துண்டு ஒன்றில் செம்மஞ்சளும் வெள்ளையும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இஞ்சருங்கோ, உதைப் பாருங்கோ. வெளிப்பக்கத்துக்கு உதுதான்" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அகஸ்ரின் நினைத்தான்.

எவ்வளவு தடிப்பில் மரத்தைச் சீவுவது என்று தெரிய அவளால் எவ்வளவு பலத்தில் நாணை இழுக்க முடியும் என்பது தெரியவேண்டியிருந்தது. ஃபிராங்க் சோதனை வில்லொன்றை அகஸ்ரினிடம் கொடுத்தான். அதை இழுக்க வேண்டிய பலம் இருபது இறாத்தல் என்று அதில் எழுதியிருந்தது. பலம் திரும்பிவருகிறதென்று அவள் நம்பட்டுமென்று, அகஸ்ரின் பெருவிரலால் அதை மறைத்தபடி அவளிடம் நீட்டினான்.

"முப்பது. உம்மட பழைய அளவுதான்."

அவள் இழுத்தாள். நாண் நெஞ்சுவரை வரவில்லை. மறுபடி இழுத்தாள். தோள் நடுங்கியது.

"முப்பது இப்ப எனக்குக் கூட. இருபதைத் தரச் சொல்லுங்கோ" என்றாள், மூச்சு வாங்க.

அகஸ்ரின் மேசையிலிருந்த மரத்துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவள் தானே ஃபிராங்கைப் பார்த்து, "ருவென்ரி, பிளீஸ்" என்றாள்.

ஃபிராங்க் குழம்பிப்போய் அவள் கையிலிருந்த வில்லின் எண்ணைத் தொட்டுக் காட்டினான். "ருவென்ரி" என்றான்.

அருள்மலர் அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு வில்லை வைத்துவிட்டு, தெரிந்தெடுத்த துண்டுகளை மற்ற மரங்களோடு சேர்த்துவைத்தாள். ஃபிராங்குக்கு நன்றி சொன்னாள்.

வீதித் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில் வீடு திரும்பும்போது, "டொக்ரர் சொன்னதையும் இப்பிடித்தான் சொன்னனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"இப்ப முழுக்கச் சொல்லுங்கோ."

சொன்னான். கைகள், பிறகு கால்கள், பிறகு விழுங்குவது, கடைசியாக மூச்சு. மருந்தில்லை. பக்கத்தில் யாரோ பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு காலமாம்?"

"ரெண்டு வருசம். கூடினால் மூண்டு."

அவள் அழவில்லை. "நீங்கள் பொய் சொன்ன ரெண்டு மாசத்தையும் நான் நல்லாவரும் எண்டு காத்துக்கொண்டே கழிச்சுப்போட்டன்" என்றாள்.

அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினாள். சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்த தங்கள் வீட்டுக் கதவை அவன் திறக்கும்வரை அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.