ரொசாரியோ சாய்ந்த சுவர்

மாலை வெயில் மேற்குச் சன்னல் வழியாக உள்ளே வரும். சுவரில் ஓர் இடத்தை மட்டும் தேடிப் பிடிக்கும். அங்கே சுவர் பளபளக்கும், ஒரு தலை அளவுக்கு. எண்ணெய்க் கறை அது.

புதுச்சேரியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய மதுக்கடை. பிராந்தியும் பட்டாணிச் சுண்டலும் மணத்த கூடத்தில் இப்போது சுண்ணாம்புத் தூசி. பழைய கட்டடங்களைச் சீர்செய்வது என் தொழில். மதுக்கடைக்குள் நான் முதன்முதலாகக் காலடி வைத்தது சுவரைப் பார்க்கத்தான். வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

கறை ரொசாரியோவுடையது. கடைக்காரர். கூட்டம் குறையும் நேரம், சுவரோரப் பெஞ்சில் உட்காருவார். தலையைப் பின்னால் சாய்ப்பார். கடல் காற்று வரும். தலை நிறையத் தேங்காயெண்ணெய். கிறிஸ்துமசுக்கு நீலச் சுண்ணாம்பு அடிப்பார்கள். தை பிறப்பதற்குள் கறை மேலே வந்துவிடும்.

போன ஐப்பசி மழையில் ரொசாரியோ போய்விட்டார். கறை போகவில்லை. அவர் மனைவி செலின் தினமும் அதன் எதிரே வந்து உட்காருகிறார்.

மகன் மார்செல் பாரீசிலிருந்து வந்திருக்கிறான். தலையில் எண்ணெயே வைக்க மாட்டான் என்பது செலினின் நெடுநாள் குறை.

"கட்டுனப்ப எப்டி இருந்துச்சோ அப்டியே வேணும். சுவரு பூரா சுரண்டிடுங்க" என்றான். அப்பாவுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னான். அதனால் அவனைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

செலின் என்னைத் தனியே பிடித்துக்கொண்டார். "எல்லாத்தயும் சுரண்டிக்கம்மா. அத மட்டும் வுட்டுடு. அவனுக்கு அது அழுக்கு. எனக்கு அதான் இருக்கு."

முதலில் தரையைத் தோண்டினோம். சிமெண்டு. அடியில் செங்கல். அதற்கும் அடியில் மணலும் உடைந்த பச்சைப் புட்டிகளும். ஒரு சாண் ஆழத்தில் பழைய சுண்ணாம்புத் தரை, வழவழவென்று. அப்போதும் இங்கே குடித்திருக்கிறார்கள். வெள்ளம் புகுந்த ஏதோ ஒரு வருஷம் தரையை உயர்த்தியிருக்க வேண்டும். என் ஊகம்தான்.

பிறகு சுவர். சின்னக் கத்தி, மெதுவாக. நீலம் உதிர்ந்தது. நீலத்தின் அடியில் பச்சை. பச்சையின் அடியில் மஞ்சள். கடைசியில் முதல் பூச்சு, முட்டை ஓட்டின் வெள்ளை. கறையைச் சுற்றிச் சுற்றிச் சுரண்டினேன். கறையைத் தொடவில்லை. மார்செல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

கறைக்கு நேர் கீழே வெள்ளை வந்தது. இன்னும் கொஞ்சம் கீழே, வெள்ளைக்குள் மங்கிய பழுப்பு. வட்டமாக. ஒரு தலை அளவுக்கு.

கையை விரித்து வைத்து அளந்தேன். அந்தக் கறைக்கும் இதற்கும் ஒரு சாண்.

தரை ஒரு சாண் தாழ்ந்திருந்த காலத்தில், இதே இடத்தில், இதே காற்றுக்கு, ரொசாரியோவின் உயரத்தில் யாரோ சாய்ந்திருக்கிறார். பேர் தெரியாது. தலைக்கு எண்ணெய் வைப்பவர் என்பது மட்டும் தெரிந்தது.

"முதல் பூச்சுலயே கறை இருக்கு தம்பி. நீங்க கேட்ட பழைய சுவரு இதுதான்" என்றேன்.

மார்செல் பெஞ்சை இழுத்துப் பழைய தரையில் போட்டான். உட்கார்ந்தான். சாய்ந்தான். தலை சரியாக அந்தப் பழைய கறையில் போய்ப் படிந்தது. அப்பாவின் உயரம் அவனுக்கு. அப்பாவின் கறை அவன் உச்சிக்கு மேலே இருந்தது, தலையில் வைக்க நீட்டிய கை போல.

செலின் அழுதார். "அப்டியே குந்தியிருடா. ஒங்கப்பா மேலதான் இருக்காரு."

வெளிச்சம் போகும்வரை அவன் எழவில்லை. நான் கத்தியைத் துடைத்துப் பையில் போட்டேன்.

மறுநாள் மாலை வெயில் வந்தது. தேடியது. மேல் கறை பளபளத்தது. கீழ்க் கறையை மார்செலின் தலை மறைத்திருந்தது. கண்களை மூடியிருந்தான்.

கூடம் முழுக்கத் தேங்காயெண்ணெய் வாசம்.