எச்சில் பட்ட ஸ்லைடு

மனோரமா ஒரு மைக்ராஸ்கோப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து செஞ்சிக்கு வந்து சேர்ந்தபோது, அண்ணி ஆண்டாளின் புடவைகள் மூட்டையாகக் கட்டிக் கூடத்தில் கிடந்தன. மத்தியான பஸ்ஸில் அவளை அவலூர்பேட்டைக்கு, பிறந்த வீட்டுக்கு, அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. போனால் திரும்பக் கூப்பிடப்போவதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாயால்தான் யாரும் சொல்லவில்லை.

காரணம் தெருவே அறிந்தது. மூன்று முறை உண்டாகி, மூன்று முறையும் இரண்டாம் மாதம் தாண்டாமல் கலைந்துவிட்டது. "இவ வயித்துல ஊட்டமே இல்ல. வர்ற உசுர பட்டினி போட்டு அனுப்பிடறா" என்று அம்மா ராஜாம்பாள் தீர்ப்பே எழுதிவிட்டாள். அண்ணன் பாண்டுரங்கன் கடைவீதியில் மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வாங்கி விற்கிறான். வந்த மூட்டையில் ஒரு படி குறைந்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்துகிறவன், பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தான். அவன்மேல் மனோரமாவுக்கு இருந்த எரிச்சலைச் சொல்லப்போனால் இந்தக் கதை முடியாது.

மனோரமா ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் சொல்லிக்கொடுப்பவள். கரு உண்டான முதல் வாரங்களில், தாயும் சேயும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் எந்தச் சத்து எங்கே இருக்கிறது என்று சாயமேற்றிப் பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. போன முறை ஆண்டாளுக்குக் கலைந்தபோது அவள் லீவில் ஊரில்தான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுரண்டி எடுத்ததைத் தனக்குத் தரும்படி அண்ணியிடம் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் கேட்டாள். ஆண்டாள் சொன்னது இவ்வளவுதான்: "எடுத்துக்கோ மனோ. ஆனா என் மேல தப்பு இருக்குதான்னு பாத்துச் சொல்லு."

அதை ஆல்கஹாலில் போட்டுக் கொண்டுபோய், மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டிச் சாயமேற்றிப் பார்த்தாள். பார்த்ததை வாயால் சொன்னால் அம்மா காதில் வாங்கமாட்டாள். அதனால்தான் மைக்ராஸ்கோப்பையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

முற்றத்தில் அதை வைத்து, ராஜகிரி மலைப் பக்கத்து வெளிச்சத்தை அதன் கண்ணாடியில் வாங்கித் திருப்பினாள். "அம்மா, வந்து பாரு. இது அண்ணியோட கருப்பைச் சுவரு. இந்த ரோஸ் கலரெல்லாம் சர்க்கரைச் சத்து. கொழந்தைக்குன்னு சேத்து வெச்சது."

ராஜாம்பாள் குனியக்கூட இல்லை. "நீ சாயத்த ஊத்தினா செவக்காம இன்னா பண்ணும்? உங்க அண்ணன் வேட்டிய முக்குனாலும்தான் செவக்கும்."

கல்லூரியில் பேராசிரியர் கேட்பதும் இதே கேள்விதான். அம்மாவை அறிந்தவளாதலால், சாயமேற்றாத இரண்டு ஸ்லைடுகளையும் அவற்றை முதலில் நனைக்கிற திரவத்தையும் கறுப்புக் காகிதம் சுற்றிய மருந்துப் புட்டியையும் மனோரமா கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"சோதிச்சுப் பாக்க வழி இருக்குதும்மா. எச்சில். எச்சில் பட்டா இந்தச் சத்து கரைஞ்சிடும். சோத்த மென்னுனே இருந்தா இனிக்குதில்ல, அதே வேலதான். ஒண்ணுல எச்சில் வெப்போம், ஒண்ணுல வேணாம். அப்பறம் ரெண்டுக்கும் ஒரே மருந்து. எச்சில் பட்டது மட்டும் வெளுத்துதுன்னா, அங்க இருந்தது சர்க்கரைச் சத்துதான். நீயே துப்பு. அப்பதான் நான் ஏமாத்தலன்னு நம்புவ."

டம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற வீடு அது. ராஜாம்பாள் வெடுக்கென்று பின்னால் நகர்ந்தாள். "இன்னாடி பேசற? அது மேல துப்பச் சொல்றியா? அது என் பேரப்புள்ளடி!"

மூன்று முறையும் ராஜாம்பாள் அதைக் கட்டி என்றுதான் சொன்னாள். ரத்தக் கட்டிக்கெல்லாம் யாராவது அழுவார்களா என்று கேட்டு, ஆண்டாளை அழவிடாமல் அடுப்படிக்கு விரட்டியவளும் அவள்தான். இப்போது வாயிலிருந்து வந்துவிட்டதை விழுங்கவும் முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அம்மாவுக்குள்ளும் துக்கம் இருக்கும் என்று இத்தனை நாள் மனோரமாவுக்குத் தோன்றவே இல்லை.

மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டாள் எழுந்து வந்தாள். "என் எச்சில் அதுக்குத் தீட்டு இல்ல அத்த. பொறந்திருந்தா மென்னுதான் ஊட்டியிருப்பேன்," என்றாள்.

அவள் வைத்த எச்சில் ஒரு ஸ்லைடில் ஊறும் வரைக்கும் காத்திருந்தார்கள். பிறகு மனோரமா அதைக் கழுவி, இரண்டையும் அந்தத் திரவத்தில் நனைத்தெடுத்து, பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத புட்டி மருந்தை இரண்டின்மேலும் விட்டாள். சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவினாள். கழுவக் கழுவ எச்சில் படாத ஸ்லைடில் ரோஸ் நிறம் ஏறிக்கொண்டே வந்தது. எச்சில் பட்டதில் அந்த நிறம் அங்கங்கே நூல் மாதிரி ஒட்டியிருந்ததோடு சரி.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லக் கடையிலிருந்து வந்த பாண்டுரங்கன், வந்த வேலையை மறந்து வாசற்படியில் நின்றான்.

ஆண்டாள்தான் முதலில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இவ்ளோவும் நான் வெச்சதா?"

"நீங்க வெச்சதுதான் அண்ணி."

"அப்ப நான் பட்டினி போடல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆண்டாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

அப்புறம் ராஜாம்பாள் குனிந்தாள். ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு இரண்டு ஸ்லைடுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நிமிர்ந்ததும் அவள் கேட்டது, மனோரமா வழியெல்லாம் பயந்துகொண்டே வந்த கேள்வி.

"இவ்ளோ இருந்தும் ஏண்டி தங்கல?"

ஏதாவது ஒரு வியாதியின் பெயரைச் சொல்லி வைக்கலாம். இந்த நிமிஷத்தில் அம்மா எதையும் நம்பிவிடுவாள். "தெரியலம்மா," என்றாள் மனோரமா. "எங்க காலேஜ்ல யாருக்கும் தெரியல. சத்து இருந்துதுன்னு மட்டும்தான் இந்தச் சாயம் சொல்லும். ஏன் போச்சுன்னு சொல்லாது."

தன் வாயாலேயே அண்ணியை பஸ் ஏற்றிவிட்டோம் என்று நினைத்தாள்.

ராஜாம்பாள் மகளைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுகிற மருமகளைப் பார்த்தாள். "இத்தினி படிச்ச நீயே தெரியலன்னுற. நான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசினு இருந்தேனே," என்றாள். மகன் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடா நிக்கற? பஸ்ஸு போனா போவுது. மூணு சாவு விழுந்த வூடுடா இது. ஒருத்தரும் இன்னும் தல முழுவல. போயி தண்ணி எடு."

பாண்டுரங்கன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குடத்தோடு கிணற்றடிக்குப் போனான். ராஜாம்பாள் ஆண்டாளின் கையைப் பிடித்துத் தூக்கி, அவனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.