முட்டிக்கு அடியில் ஒரு தலையணை

மாமியார்க்காரி சின்னப்பிள்ளை பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. உடம்பு முடியாதவரைப் பார்க்க வருகிறவர்களிடம் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி அனுப்பினால் அவர்கள் வாங்கி வந்த ஆரஞ்சுப் பழத்துக்கே மரியாதை இல்லாமல் போய்விடும். பாடாலூர்ப் பக்கத்தில் படுத்துக் கிடப்பவள் இரண்டு வார்த்தை புலம்பத்தான் வேண்டும். அந்தப் புலம்பலில் மருமகள் பெயரும் வந்து விழுந்துவிட்டது, அவ்வளவுதான். இப்படித்தான் அவள் தன் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். திருச்சியில் வலது முட்டியை மாற்றி வீட்டுக்கு அனுப்பும்போது, டாக்டர் மாத்திரையைப் பற்றிப் பேசியதைவிடப் படுக்கையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். மல்லாந்து படுக்க வேண்டும். குதிகால் பக்கம் தலையணை வைத்துக் காலை நன்றாக நீட்டிவிட வேண்டும். ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை. முட்டிக்கு அடியில் மட்டும் வைக்கவே கூடாது. வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கால் மடங்கின வாக்கிலேயே இறுகிப்போகும், அப்புறம் நேராக நடக்க வராது. மருமகள் வெற்றிச்செல்வி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். சின்னப்பிள்ளையும் தலையை ஆட்டி வைத்தாள்.

காலமெல்லாம் பாயில் சுருண்டு படுத்துப் பழகிய உடம்பு. மல்லாந்து கிடந்தால் பாடையில் கிடத்தின மாதிரி இருந்தது அவளுக்கு. மகன் அரவிந்தனும் செல்வியும் தங்கள் கட்டிலை அவளுக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார்கள். அது செல்வி சீராகக் கொண்டுவந்த கட்டில். அதில் படுத்துக்கொண்டுதான் சின்னப்பிள்ளை திருட்டுத்தனம் பண்ணினாள். ஆள் அந்தண்டை போனதும் தலையணையை இழுத்து முட்டிக்கு அடியில் செருகிக்கொள்வாள். அப்பாடா என்றிருக்கும். செல்வி வந்து பார்ப்பாள். ஒரு வார்த்தை பேசாமல் உருவி எடுத்துக் குதிகாலுக்குக் கொண்டுபோவாள். உயிர் போய் உயிர் வரும்.

அப்படி உருவி எடுத்த ஒரு மத்தியானத்தில்தான் எதிர்வீட்டு ரெங்கம்மாள் பார்க்க வந்தாள்.

"தலகாணியக்கூடப் புடுங்கிட்டா ரெங்கம்மா," என்றாள் சின்னப்பிள்ளை, மருமகள் கொல்லைப் பக்கம் இருந்த தைரியத்தில். "வலிக்குதுன்னு கத்துனாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்குறா. அவ கட்டுல்ல நான் படுத்திருக்கேனே, அந்த எரிச்சலு."

கடைசியில் சொன்னது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொல்லும்போது ருசியாக இருந்தது. ரெங்கம்மாள் உச்சுக் கொட்டினாள். ரெங்கம்மாள் தன் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது ஆண்டிமடத்தில். செல்வி பிறந்த ஊரும் ஆண்டிமடம்தான். பிறகென்ன, போன் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை செல்வியின் அம்மா காத்தாயி வந்து இறங்கினாள். பஸ் மாறி மாறி வந்தவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு கையில் முந்திரிப் பருப்பு, இன்னொரு கையில் துணி மூட்டை. நேராகக் கட்டிலண்டை வந்து நின்று அழுதுவிட்டாள்.

"எம் பொண்ண நான் சரியா வளக்கல சம்பந்தியம்மா. மனசுல எதையும் வச்சுக்காதீங்க."

மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே புதுத் தலையணை. தன் கொல்லை மரத்து இலவம் பஞ்சைக் கொட்டை நீக்கி, அடைத்து, அவளே கையால் தைத்தது. அதைச் சின்னப்பிள்ளையின் முட்டிக்கு அடியில் மெல்லக் கொடுத்தாள். பிறகு நிலைப்படியில் நின்ற மகளைப் பார்த்து, "இத எடுத்தீன்னா நீ எனக்குப் பொண்ணே இல்ல," என்றாள்.

செல்வி டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். மாமியாரின் புளுகைப் போட்டு உடைத்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முட்டி வலி சுத்தமாக நின்றுபோனது. அத்தனை மெத்தென்ற தலையணையைச் சின்னப்பிள்ளை கண்டதே இல்லை. அந்தச் சுகமே அவளைப் பிடுங்கித் தின்றது. உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போகலாம் என்றால் கால் ஒத்துழைக்காது. திரும்பிப் படுக்கலாம் என்றால் அதற்கும் செல்விதான் வந்து காலைப் பிடிக்க வேண்டும். வெட்கப்படுகிறவளுக்கு இதைவிட மோசமான படுக்கை கிடையாது.

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். தலையணையைத் தானே உருவினாள்.

"நான் பொய் சொல்லிட்டேன் சம்பந்தியம்மா. இங்க வக்கக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு. ஒங்க பொண்ணு எடுத்தது என் நல்லதுக்குத்தான். நான் ஒரு மொனவு மொனவுனாக்கூட ஓடியாந்துருவா. நரம்பில்லாத நாக்கு, எப்படியோ பேசிருச்சு."

காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பாத்தியாடி. ஒன்ன விட்டுக்குடுக்காம பழியத் தான் ஏத்துக்குறாங்க. இப்படி மாமியா எவளுக்குக் கெடைக்கும்?"

"இல்லீங்க, நெசமாத்தான் சொல்றேன்."

"ஒங்க மனசு யாருக்கும் வராது."

சின்னப்பிள்ளை குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணினாள். காத்தாயிக்கு அழுகை கூடியதுதான் மிச்சம். அவள் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, ஊர் போய்ச் சேர்ந்ததும் சம்பந்தியம்மாளின் பெருந்தன்மையை நாலு பேரிடம் சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சரி, விதைத்த இடத்திலேயே பிடுங்குவோம் என்று ரெங்கம்மாளை வரச்சொல்லி அவளிடமும் உள்ளதைச் சொன்னாள். ரெங்கம்மாள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மருமவ மெரட்டுனாளாக்கா?"

பொய்யை ஒரே மூச்சில் நம்பியவள், உண்மைக்கு இப்படி ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு எழுந்து போனாள். நாளைக்கு அதுவும் ஆண்டிமடம் போகும். செல்வி தலையில்தான் விடியும்.

விளக்கு வைத்த பிறகு செல்வி உள்ளே வந்தாள். அம்மா தைத்த தலையணையை எடுத்து, மாமியாரின் குதிகாலைத் தூக்கி அடியில் வைத்தாள். முட்டி நீண்டது. உயிர் போனது. சின்னப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டாள், முனகவில்லை.

"ஒருத்தியும் நம்ப மாட்டேங்குறாளே செல்வி."

"என்னத்தே?"

"நான் பொய் சொன்னேன்னு."

செல்வி போர்வையை விரித்து அவள் இடுப்புவரை இழுத்துவிட்டாள்.

"நான் நம்புறேன்த்தே," என்றாள்.

கூடத்தில் அவள் பாயை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது. சின்னப்பிள்ளை போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். காலை மடக்கவில்லை.