கஸ்பாரின் அலைவரிசை

கஸ்பாருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்றைக்கு அது மூக்கைத் தாண்டி வாய்க்கு வந்துவிட்டது. காலையிலேயே ஒயர்லெஸ் செட்டைப் போட்டு, மைக்கை அமுக்கி, எல்லாருக்கும் வணக்கம் சொல்லியாயிற்று. தொப்பூர் கணவாயில் அவர் முன்னொரு காலத்தில் முதன்முதலாக ஒயர்லெஸ் பேசிய அதே தேதி அது. வருசா வருசம் பஞ்சர் கடைப் பச்சியப்பன்தான் முதல் ஆளாக வாழ்த்துச் சொல்வான். இன்றைக்கு ஒரு பயல் வாயைத் திறக்கவில்லை.

எப்படித் திறப்பார்கள்? மனுசன் உட்கார்ந்திருந்ததே மைக் மேல்தான்! வீங்கின காலுக்கு வாகாக இருக்கட்டும் என்று மனைவி புஷ்பமேரி நாற்காலியில் புதுத் தலையணை ஒன்றைச் செருகி வைத்திருந்தாள். பேசி முடித்த மைக்கை வழக்கம்போலத் தொடையோரம் வைத்தார். அது தலையணைக்கும் தொடைக்கும் நடுவே சிக்கி, பொத்தான் அமுங்கியே கிடந்தது. ஒயர்லெஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். அவர் பொத்தானை விடாதவரை மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் எடுபடாது. அமுக்கினவர் காதிலும் ஒன்றும் விழாது. இதை ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர்தான், என்ன பண்ணுவது.

சும்மா சொல்லக் கூடாது, சாதித்த மனுசன். அந்தக் காலத்தில் இந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள் வாங்கிய உயிருக்குக் கணக்கே கிடையாது. காட்டு வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை, தந்தி பாஷையைப் படித்து, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, பெங்களூர் பழைய சாமான் சந்தையில் பொறுக்கி வந்த பாகங்களை வைத்துத் தானே செட் கட்டினார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள். அவர் அசரவில்லை. கணவாய் உச்சி டீக்கடையில் ஒரு செட், கீழ் வளைவில் பச்சியப்பனின் பஞ்சர் கடையில் ஒன்று, நடுவே மேட்டில் இருக்கும் தன் வீட்டில் ஒன்று. உச்சியிலிருந்து சேதி வந்தால் போதும், பச்சியப்பன் விசிலை ஊதி ரோட்டோரத்துச் சனத்தை விரட்டிவிடுவான். செல்போன் வந்த பிறகும், பாறை மறைக்கிற அந்த வளைவில் மட்டும் டவர் எடுக்காது. அதனால் செட்டுகள் பிழைத்துக் கிடந்தன.

ரொம்ப நேரம் பேசினால் தானாகவே பேச்சை அறுத்துவிடுகிற சின்னப் பாகம் ஒன்று செட்டில் இருக்கும். அதைப் பிடுங்கிப் போட்டவரும் கஸ்பார்தான். “உசுரு போற சேதி சொல்றப்ப நடுவுல வாயைப் பொத்தற செட்டு எதுக்கு?” என்றார். எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

செட்டைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டார். பேச்சுப் போவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்து எத்தனையோ நாளாகிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

“பாத்தியா புஷ்பம், ஒருத்தனாவது பேசறானா?”

“என்ன வேலையோ அவங்களுக்கு. போன் போட்டுக் கேளுங்களேன்.”

“அதை அணைச்சு பீரோவுல போட்டுட்டேன். வாழ்த்துறவன் செட்டுல வாழ்த்தட்டும்.”

“பச்சியப்பண்ணன் மறக்கிற ஆளில்லீங்க.”

“அவன்தான் மொத ஆளு! செட்டு குடுத்து, ஊருக்குள்ள ஒரு மருவாதி தேடிக் குடுத்தேன். நன்றி கெட்டவன். இனி அவன் மொகத்துல முழிச்சா என்னன்னு கேளு.”

“சேசுவே, அப்படிச் சொல்லாதீங்க.”

அத்தனையும் கணவாய் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

உச்சியில் டீக்கடை அன்பு, கம்பி ஏற்றிய லாரி ஒன்று சக்கரத்தில் புகை கிளம்ப, ஹாரனை அலறவிட்டபடி இறங்குவதைப் பார்த்தான். மைக்கை அமுக்கிக் கத்தினான். கஸ்பாரின் புலம்பல்தான் திரும்பி வந்தது. கஸ்பாருக்கு போன் அடித்தான், அணைந்திருந்தது. பச்சியப்பனுக்கு அடித்தான், டவர் இல்லை. ஐயோ, என்ன செய்வான் பாவம்! பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். இறக்கத்தில் உருளும் லாரியை எந்த பைக் முந்தும்?

“களி ஆறிப்போவுது, வாங்க” என்று புஷ்பமேரி கூப்பிட்டாள். கஸ்பார் முனகிக்கொண்டே எழுந்தார். மைக் தரையில் விழுந்தது. அந்த நொடியே செட்டு வாயைத் திறந்தது.

“ஐயா… இப்பவாவது கேக்குதுங்களா? அன்பு பேசறேன், பஞ்சர் கடையிலிருந்து.” அவன் அழுதுகொண்டிருந்தான். “கம்பி லாரி அடிச்சு பச்சியப்பண்ணன் போயிட்டாருங்க. டயர் கழட்டக் குனிஞ்சவரு நிமிரவே இல்லீங்க. காலையில இருந்து நீங்க பொத்தானை வுடவே இல்லீங்களே ஐயா…”

கஸ்பார் தரையில் கிடந்த மைக்கைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. பதில் சொல்ல மைக்கை எடுக்க வேண்டும்; கை போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் புஷ்பமேரி கைத்தாங்கலாக அவரைச் சாவு வீட்டுக்குக் கூட்டிப் போனாள். சாமியானாவுக்குக் கீழே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாராவது ரெண்டு அடி அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பச்சியப்பனின் மனைவி கோவிந்தம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கண்ணீர் வற்றியிருந்தது.

“வாங்கண்ணா” என்றாள். “நேத்துக் காலையில இருந்து உங்க பேச்சுத்தான் ஓடிட்டிருந்துச்சு. சத்தத்தைக் குறையுங்கன்னேன். ‘மனுசன் வவுத்தெரிச்சல்ல பேசறாரு, பேசட்டும். இந்த டயரை முடிச்சிட்டு நேர்லயே போயி வாழ்த்திட்டு வரேன்’னாரு.”

கஸ்பாருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நான் அவனை நன்றி கெட்டவன்னு… அது அவன் காதுல வுழுந்துச்சாம்மா?”

கோவிந்தம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“வுழுந்துச்சுங்கண்ணா” என்றாள். “உங்க செட்டு என்னிக்குத் தெளிவா கேக்காம இருந்துச்சு?”