கொடியில் நிற்கும் மரம்

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நாகப்பன் அனுப்பிய செய்தி ஒரே வரிதான். நாளைத் திறப்புக்கு டாக்டர் நூர் ஃபாத்திஹா வருகிறார், தாவரவியல் பேராசிரியர், எல்லாம் சரியாக இருக்கட்டும்.

ஜெயந்தி அதை மூன்று முறை படித்தாள். பினாங்குத் தீவின் பாயான் பாருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவள் ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. புதுப்பிப்பதும் விடுவதும் மனிதவள மேலாளர் நாகப்பன் கையில். சனிக்கிழமை ஆளுநர் பிறந்தநாள் விடுமுறை என்பதால், முதல் நாள் காலை கேன்டீன் வாசலில் ‘நம் மாநிலம்’ என்று ஒரு மூலையைத் திறக்கலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். பலகைக்கு வேண்டிய தகவல்களைத் திரட்டியதும் அவள்தான். நமக்குச் சுல்தான் இல்லை, ஆளுநர். வண்டி எண் P என்ற எழுத்தில் தொடங்கும். கொடியில் வெளிர்நீலம், வெள்ளை, மஞ்சள். கடைசி வரி: ‘உங்கள் எதிரே நிற்பது நம் கொடியில் இருக்கும் பினாங் மரம், அதாவது பாக்கு மரம்.’

எதிரே ஒரு மரம் நிற்கவும் செய்தது. நர்சரிக்காரன் போன வாரம் லாரியில் கொண்டு வந்து நட்டுவிட்டுப் போயிருந்தான்.

அவள் கீழே இறங்கி ஓடினாள். தோட்டவேலை பார்க்கும் கமாலுதீன் பாய் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், இது பினாங்தானே?"

அவர் மரத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "இது பால்மா மணிலா-லா, மணிலாப் பனை. நட்ட அன்னிக்கே பாத்தேன்."

"அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே!"

"நீ கேக்கலயேம்மா. கொடில இருக்கிற மாதிரிதான் இருக்கு. யாருக்குத் தெரியும்?"

"நாளைக்கு வர்ற அம்மாவுக்குத் தெரியும்."

"அப்ப கஷ்டம்தான்" என்றார் கமாலுதீன், குழாயைத் தோளில் மாட்டியபடி.

அவள் ஐந்து நர்சரிகளுக்குத் தொலைபேசியில் பேசினாள். ஒருவன் சிவப்புத் தண்டுப் பனை இருக்கிறது என்றான். ஒருவன் இரண்டு வாரம் கேட்டான். ஒருவன், "பினாங்கா? அதை யாரு இப்ப அலங்காரத்துக்கு வைக்கிறா?" என்று சிரித்தான். பாக்கின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் தீவில் ஒரு பாக்கு மரம் கிடைக்கவில்லை. வீட்டு விசேஷத்துக்கு அவள் வாங்குவதும் பொட்டலத்தில் வரும் சீவல்தான். நகத்தைக் கடித்தபடி நடந்துகொண்டிருந்தபோதுதான் மூன்று மாதத்துக்கு முன் போன ஒரு கல்யாணம் நினைவுக்கு வந்தது. வாசலில் வாழையோடு, குலை தொங்கும் கமுகும், இதே பாக்கு மரம்தான், நட்டிருந்தார்கள். பந்தல் போட்டவர் கடல் பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம் பக்கிரிசாமி.

"கமுகா? யாருக்கும்மா கல்யாணம்?" என்றார் அவர் போனில்.

"கல்யாணம் இல்லண்ணே. பேக்டரிக்கு."

"பேக்டரிக்கு மாப்பிள்ளை கெடைச்சுட்டானா? சரி வா. தோட்டத்துல ரெண்டு நிக்குது."

ஐந்தரைக்குப் பாலத்தில் ஏறியவள் பாதிக் கடலில் நின்றுவிட்டாள். முன்னாலும் பின்னாலும் கார்கள். ஸ்டீயரிங்கில் விரல்கள் தாளம் போட்டபடி இருந்தன. இந்தப் பாலமும் அவள் பலகையில் இருக்கிறது. மாநிலச் சின்னத்தில் பாலத்தை வரைந்தவர்கள் அதன்மேல் ஒரு காரைக்கூட வைக்கவில்லை. கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்தாள். நாகப்பனிடமிருந்து இன்னொரு செய்தி: ‘ஓகேதானே?’ கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் போய்ச் சேரும்போது ஏழு மணி. வெளிச்சம் இன்னும் இருந்தது. பக்கிரிசாமியின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கமுகு, விரலால் வளைத்துவிடலாம்போல மெலிந்து, அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு நின்றன. உச்சியில் ஆரஞ்சு நிறக் குலை. பலகையையும் பேராசிரியரையும் பற்றிச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்.

"இதை எப்படிண்ணே வேரோட எடுக்கிறது?"

"வேரோட யாரு எடுக்கச் சொன்னா?" அவர் கையில் பாராங் கத்தி தயாராக இருந்தது. "அடில வெட்டி லாரில போட்டுக் காலைல ஆறு மணிக்குக் குழி தோண்டி ஊனிடுறேன். கல்யாணத்துக்கெல்லாம் அப்படித்தான். ரெண்டு நாள் வாடாது. எந்தப் பேராசிரியர் வந்து மண்ணைத் தோண்டிப் பாக்கப் போறாங்க?"

ஜெயந்திக்கு மூச்சு வந்தது. "சரிண்ணே" என்றுகூடச் சொல்லிவிட்டாள். அவர் லுங்கியை மடித்துக் கட்டி, முதல் வெட்டுக்கு இடம் பார்த்தார். ரெண்டு நாள் என்றால் ஞாயிறு. திங்கட்கிழமை காலை கேன்டீன் போகிற அத்தனை பேரும் தலை தொங்கிய மரத்தையும், அதன் பக்கத்தில் அவள் எழுதிய வரியையும் பார்ப்பார்கள். கமாலுதீன் பாய் மட்டும் எதுவும் கேட்கமாட்டார்.

"அண்ணே, நிறுத்துங்க."

"என்னம்மா, நல்ல நேரம் பாக்கணுமா?"

அவள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதிர்ந்த காய்கள் சில தானாகவே முளைத்திருந்தன. முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று. மீன் வால்போலப் பிளந்த இலைகள், அடியில் பழைய காய் இன்னும் ஒட்டியபடி.

"இதைக் குடுங்க."

"இதையா? இதுக்குப் பலகை எதுக்கு, பூதக்கண்ணாடி வாங்கிக்க." சொல்லிக்கொண்டே ஒரு பால்மாவு டின்னைத் தேடி எடுத்து, வேர் அறாமல் கன்றைப் பெயர்த்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கமாலுதீன் குழி தோண்டினார். இருவரும் பலகையைப் பிடுங்கி, மணிலாப் பனையிலிருந்து நாலடி தள்ளி, கன்றுக்கு நேரே நட்டார்கள். எழுத்தில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பலகையின் நிழலில் கன்று முழுதாக மறைந்தது.

ஒன்பது மணிக்கு நாகப்பன் விருந்தினரோடு வந்தார். பலகையைப் பார்த்தார், பெரிய மரத்தைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். முகம் இறுகியது. ஜெயந்தியின் நகத்துக்குள் இன்னும் மண் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் நூர் ஃபாத்திஹா பலகையைக் கடைசி வரிவரை படித்தார். பக்கத்து மணிலாப் பனையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கன்றின் முன் முழங்காலிட்டு உட்கார்ந்தார். படம் எடுக்க வந்தவனும் வேறு வழியில்லாமல் தரையில் உட்கார்ந்தான். "இதுதான். அசல் பினாங்" என்றார் மலாயில். "காய்க்க ஆறு ஏழு வருஷம் ஆகும். அதுவரை ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும்."

நாகப்பன் ஜெயந்தியின் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குப் புரியாதபடி தமிழில் கடுப்போடு கேட்டார். "ஏழு வருஷம் இதுக்கு யாரு தண்ணி ஊத்துறது?"

அவள் எல்லோருக்கும் கேட்கும்படி மலாயில் பதில் சொன்னாள். "டிசம்பர் வரைக்கும் நான், சார். அதற்குப் பிறகு ஒப்பந்தம் இல்லை."

விருந்தினர் எழுந்து, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டியபடி நாகப்பனைப் பார்த்தார். தலைக்கு மேல், திறப்புக்காகக் கட்டிய மாநிலக் கொடி படபடத்தது. நாகப்பன் சிரிக்க முயன்றார். அது பாதியில் நின்றது.

"மத்தியானம் ரூமுக்கு வா" என்றார் மெல்ல, இம்முறை கடுப்பில்லாமல். "அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கிற ஃபாரத்தையும் எடுத்துட்டு வா."

கமாலுதீன் பாய் குழாயைத் திறந்தார். தண்ணீர் முதலில் பலகையின்மேல்தான் பட்டது.