சின்னமாகிப் போன ஒன்றேகால் ஏக்கர்

பூங்காவனத்தின் ஒன்றேகால் ஏக்கர் நிலத்தைச் சுயேச்சை வேட்பாளர் ஒருவருக்குத் தேர்தல் சின்னமாக ஒதுக்கிவிட்டார்கள். சீப்பு, சோப்புப் பெட்டி, குடமிளகாய் எல்லாம் முன்னாடியே போய்விட்டன. மிச்சம் இருந்தது அவள் நிலம்தான்.

நடத்தை விதி வந்ததும் தலைவர் சிலைகளை மூடுவார்களே, அதே மாதிரி நிலத்தையும் மூட வருவாய் ஆய்வாளர் வெள்ளைத் துணியோடு வந்தார். துணிக்குக் கீழே மல்லாட்டை என்கிற நிலக்கடலை முற்றி நின்றது. இந்த வாரம் பிடுங்காவிட்டால் மண் இறுகிவிடும், காயெல்லாம் அறுந்து உள்ளேயே நின்றுவிடும். பாவி மகள், நூறு நாள் பாடுபட்டிருந்தாள்.

"சார், செடி புடுங்கணும்."

"சின்னத்த மாத்தக்கூடாதும்மா. செடியோடதான் படம் எடுத்திருக்காங்க."

"எலெக்‌ஷன் முடிஞ்சா குடுத்துடுவீங்களா?"

ஆய்வாளர் புத்தகத்தைப் புரட்டினார். "ஜெயிச்சா சின்னம் அவர்கூட மெட்ராசுக்குப் போயிடும். தோத்தா தொழிற்பேட்டைக்குப் போயிடும்."

"எனக்கு?"

"நீங்க வேட்பாளர் இல்லியேம்மா."

தொழிற்பேட்டைக்காரர்கள் மூன்று வருடமாக அந்த ஊர் நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரும் மூன்று வருடமாகப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தது. இந்த முறை யாரும் ஓட்டுப் போடுவதில்லை என்று முடிவு. வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி. ஓட்டு நாளன்று பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குள் ஈ காக்கா நுழையவில்லை. பந்தலில் பூங்காவனத்துக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். மாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள்.

போராட்டக் குழுத் தலைவர் தாண்டவராயன் குறுக்கே வந்தார். "இன்னாக்கா, ஊரு முடிவ மீறிப் போறியே?"

"ஓட்டுப் போடப் போவல."

"பின்ன?"

"நிக்கப் போறேன்."

வரிசையில் அவள் ஒருத்திதான். ஆறு அடித்தது. ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர் ஓட்டுப் போட்டு முடிக்காமல் தேர்தல் முடியாது. அது விதி. அப்படி நிற்பவருக்கு டோக்கன் உண்டு. கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்துக் கொடுத்துக்கொண்டு வர வேண்டும் என்பதால், அலுவலர் அவளுக்குப் பின்னால் போய் ஒன்றாம் நம்பரைக் கொடுத்தார். பிறகு முன்னால் வந்து, வேறு ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

விரலில் மை வைத்தார்கள். அட்டை மறைப்புக்குள் போனாள். இயந்திரத்தில் மூன்றாவது பொத்தானுக்குப் பக்கத்தில் அவள் நிலம் இருந்தது. செடிகள் காற்றில் ஆடின. குனிந்தால் ஈர மண் வாசனை அடித்தது. அழுகை வந்தது. அழுதாள்.

"அம்மா, அழுத்துங்க," என்றார் அலுவலர்.

"யோசிக்கிறேன் சார்."

"எவ்ளோ நேரம்?"

"எவ்ளோ நேரம்னு சட்டத்துல போட்டிருக்கா?"

அலுவலர் தேடினார். மூன்று நாள் தேடினார். போடவில்லை.

அவள் அழுத்தாதவரை ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. இருந்த போலீஸ் மொத்தமும் வாக்குச்சாவடியைக் காத்து நின்றது. நிலத்தைக் காக்க ஆள் இல்லை. விஷயம் புரிந்ததும் ஊரே திரண்டு போய், துணியைச் சுருட்டி வைத்துவிட்டுச் செடி பிடுங்கியது. அங்கே ஒரு பாத்தி பிடுங்கினால் இங்கே பொத்தான் பக்கத்தில் ஒரு பாத்தி வெறும் மண்ணானது. பூங்காவனம் நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்தாள். கிழக்கு மூலையில் சரியாகப் பிடுங்கவில்லை என்று சொல்லியனுப்பினாள்.

ஐந்தாம் நாள் தாண்டவராயன் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"அக்கா, மல்லாட்ட வூடு சேந்துடுச்சி. கால் வலிக்குதா?"

"வலிக்காம இன்னா. நெலம் சும்மாவா கெடக்குது?"

"எள்ளு வெதச்சிடலாமா?"

"வெதைங்க."

அலுவலர் தலையைத் தூக்கினார். "எள்ளு எத்தனை நாள் பயிரும்மா?"

"எண்பத்தஞ்சு நாளு சார்."

"அதுக்கப்புறம்?"

"மானம் பேஞ்சா மறுபடியும் மல்லாட்ட."

அலுவலர் வீட்டுக்குப் போன் போட்டு, தீபாவளிக்கும் வர முடியாது என்று சொன்னார். பூங்காவனம் கால் மாற்றி நின்றாள்.