மிதந்த எழுபது சென்ட்

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், திண்டுக்கல் மாவட்டத்து வேளாண்மை வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டியதும், இன்றுவரை எந்தப் புண்ணியவானும் கரிக்கட்டையால்கூட எழுதி வைக்காததுமான மாபெரும் நிகழ்ச்சி ஒன்று, 1996ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செம்பட்டிக்குக் கிழக்கே மேட்டுப்புதூரில் நடந்தேறியது. அன்று செபஸ்தியானின் எழுபது சென்ட் வெங்காயத் தோட்டம் தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி நின்றது.

எழும்பியது உழவு மண் மட்டும்தான். முக்கால் அடி கனம் இருக்கும். கரண்டியைக் கொடுத்துக் கல்லிலிருந்து தோசையைக் கிளப்பிய மாதிரி சுத்தமாகக் கிளம்பியிருந்தது. அடியில் வெறும் ஓடைக்கல் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. முதலில் பார்த்தவள் செபஸ்தியானின் பெண்டாட்டி இன்னாசியம்மாள். அவள் அதிசயப்படவில்லை, எரிச்சல்பட்டாள். மோட்டாரைப் போட்டு வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிட்டு வந்தவள், தண்ணீர் தோட்டத்துக்குள் ஏறாமல் அதன் அடியில் புகுந்து, கல்லை நனைத்து, அந்தப் பக்கம் பக்கத்துக் காட்டுக்காரர் பெருமாள்சாமியின் வேலிக்குப் பாய்வதைப் பார்த்தாள். நட்டுப் பன்னிரண்டு நாளான வெங்காயம் மேலே வாடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து, "இந்தாருங்க, காடு மேல போயிருச்சு" என்றாள். செபஸ்தியான் காபியை ஆற்றிக்கொண்டே, "எம்புட்டு?" என்று கேட்டான். "ஒரு மொழம்." "எறங்கிரும், போ" என்று சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டான்.

அது இறங்காது என்பது இன்னாசியம்மாளுக்குத் தெரியும். ஐந்து வருஷமாக, மண் கெடுகிறது என்று அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். 1991இல் ஊரில் மண் பரிசோதனை முகாம் போட்டார்கள். தோட்டத்தில் பத்து இடத்தில் தோண்டி, எல்லாவற்றையும் கலந்து, அதில் அரைக் கிலோ கொண்டுவாருங்கள் என்று ஒலிபெருக்கியில் தெளிவாகத்தான் சொன்னார்கள். செபஸ்தியான் பத்து இடத்தில் தோண்டவில்லை. "பொண்ணு பாக்க வாரவுக முன்னால பிள்ளைய அழுக்குச் சீலையோடயா நிறுத்துவோம்?" என்று கேட்டுவிட்டு, வடகிழக்கு மூலைக்குப் போனான். அவனுடைய அப்பா காலத்தில் ஆட்டுக்கிடை போட்டதும் குப்பைக் குழி இருந்ததும் அங்கேதான். கன்னங்கரேலென்று இருந்த அந்த மண்ணை அள்ளி, மாவுச் சல்லடையில் சலித்து, கல் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, துவைத்த பையில் கட்டிக் கொடுத்தான். இரண்டு மாதம் கழித்துக் கார்டு வந்தது. தழைச்சத்து அதிகம், மணிச்சத்து அதிகம், சாம்பல் சத்து அதிகம். அவன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சவேரியார் படத்துக்குப் பக்கத்தில், ஒரு விரக்கடை உயரமாகவே மாட்டினான்.

அன்றிலிருந்து அந்தத் தோட்டத்துக்குள் ஒரு கூடை குப்பை போகவில்லை. சாணியெல்லாம் அடுப்புக்கு எருவாட்டியானது, சருகெல்லாம் தீயில் போனது. "உள்ள இருக்குற சத்துக்கே எடமில்ல, இதுல குப்பைய வேற எங்க கொட்ட?" என்பான். பச்சை தெரிய வேண்டுமே என்று யூரியா மட்டும் போட்டான்; முதல் வருஷம் ஒரு மூட்டை, பிறகு இரண்டு, பிறகு மூன்று. 1993இல் மண்வெட்டி மண்ணுக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. 1994 ஆடிக் காற்றில் தோட்டத்தின் ஒரு பாத்தி அப்படியே பறந்து பெருமாள்சாமி வீட்டு உலைப்பானையில் விழுந்தது. அவர் மனைவி கண்ணம்மாள் ஒரு வாரம் இன்னாசியம்மாளோடு பேசவில்லை. 1995 மார்கழியில் மண்புழுக்கள் குடும்பம் குடும்பமாக வரப்பு தாண்டி வெளியேறியதை இன்னாசியம்மாள் கண்ணால் பார்த்தாள். பெரிய புழுக்கள் முன்னால் போயின, குட்டிகள் பின்னால். ஓடிப்போய்ச் சொன்னபோது செபஸ்தியான், "போகட்டும், அதுகளும் நம்ம சத்தத்தானே திங்குதுக" என்றான்.

நிலம் எழும்பியதும் அரசாங்கம் சும்மா இருக்குமா? ஒரு மாதத்துக்குள் மூன்று ஜீப்புகள் வந்தன. அளந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அடியில் குனிந்து பார்த்துத் தலையில் இடித்துக்கொண்டார்கள். வாய்க்கால் தண்ணீர் ஏறாத காரணத்தால் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் பதிவேட்டில் கிணற்றுப் பாசனம் என்று இருந்ததை அடித்துவிட்டு மானாவாரி என்று எழுதினார். மிதப்பதற்குத் தனியாகக் கலம் இல்லை என்று வருத்தமும் தெரிவித்தார். நாலு மூலைக்கும் நைலான் கயிறு கட்டி முளையடித்துப் பார்த்தார்கள். முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒரு குழு அமைத்தார்கள். குழு எண்பத்து நான்கு பக்க அறிக்கை கொடுத்து, இன்னொரு குழு அமைக்கும்படி பரிந்துரைத்தது. செபஸ்தியான் பயிர் வெளுக்கிறதே என்று மேலும் இரண்டு மூட்டை யூரியா ஏற்றினான். தோட்டம் இடுப்பு உயரத்துக்குப் போனது.

அவனுக்கு அதில் கவலையே இல்லை என்பதுதான் இன்னாசியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. எரியோட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்களை வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கார்டைக் காட்டி, "சத்து சாஸ்தியாப் போச்சுண்ணே. மாவு பொங்குனா உசராதா? அதேதான்" என்று விளக்கம் சொன்னான். அவள் ஏணியில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஏற்றி, கடைசியில் முக்கால்வாசி வெங்காயத்தை வெயிலுக்குப் பறிகொடுத்தாள். அடுத்த தை மாதம் மில் வேனில் ஏறி நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசிக்குள் நின்றுவிட்டு வந்து சோறு பொங்குகிறவளுக்கு ஒரே எண்ணம்தான் இருந்தது: தோட்டம் தரையில் நிற்க வேண்டும், வாய்க்கால் தண்ணீர் பாய வேண்டும், வெங்காயம் நட்டு இந்த மில்லை விட்டுத் தொலைய வேண்டும்.

1997 சித்திரையில் ஒரு விடுமுறை நாளில் தோட்டத்தைச் சுற்றி வந்தவள் ஒன்றைக் கவனித்தாள். நிலம் சமமாக மிதக்கவில்லை. வடகிழக்கு மூலை மட்டும் கனத்துத் தொங்கி, தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று ஜீப்பும் இரண்டு குழுவும் பார்க்காதது அது. நேராக வீட்டுக்குப் போனாள்.

"கவர்மெண்டுக்கு அள்ளிக் குடுத்தீகள்ல, அந்த மண்ணு மட்டுந்தான் கீழ நிக்குது."

"அப்ப கார்டு பொய்யி சொல்லுதுங்கிறயா?"

"கார்டு பொய் சொல்லல. நீங்கதான் சொன்னீக."

செபஸ்தியான் நாலு நாள் அவளோடு பேசவில்லை. அந்த நாலு நாளும் வீட்டில் நிம்மதியாக இருந்ததாக அவள் பின்னாளில் சொன்னாள்.

ஐந்தாம் நாள் அவளே போய்க் கீதாரி சடையாண்டியைக் கூட்டி வந்தாள். அறுவடை முடிந்த காடுகளில் இரவெல்லாம் ஆடுகளை அடைத்துப் புழுக்கை போட வைக்கிற கிடைக்காரர் அவர்; இருநூற்றைம்பது செம்மறி வைத்திருந்தார். இடுப்பு உயரத்தில் மிதந்த தோட்டத்தை அவர் ஒரு பீடி நேரம் பார்த்தார். "ஆடு ஏறிரும் தாயி, ஒண்ணு ஏறுனா அம்புட்டும் ஏறிரும். ஆனா ஏம் பொழப்புல இப்பிடி மொட்டை மாடியில கெட போட்டதில்ல" என்றார். "போடுங்கண்ணே, பழகிரும்" என்றாள் அவள். பலகை சாய்த்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் விடிந்தபோது தோட்டம் நாலு விரக்கடை இறங்கியிருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் அலுப்பூட்டும் வேலை, ஆகவே யாரும் போட்டோ எடுக்கவில்லை. வருஷா வருஷம் கிடை போட்டாள். பசுந்தாள் உரத்துக்குக் கொழுஞ்சி விதைத்துப் பூத்த நேரத்தில் மடக்கி உழுதாள். உழவு மாடுகள் ஏறும்போது முரண்டு பிடித்தன, இறங்கும்போது அதைவிட முரண்டு பிடித்தன. 2002இல் மழை பொய்த்துக் கண்மாய் வறண்டபோது ஊரே ஒப்பாரி வைத்தது. அவள் கண்மாய்க்குள் படிந்திருந்த கரம்பை மண்ணை வெட்டி அடித்தாள், நாற்பது வண்டி. அந்த வருஷத்திலிருந்து செபஸ்தியானும் கூடையைத் தூக்கினான். கேட்டவர்களிடம் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டான். தோட்டம் வருஷத்துக்கு ஐந்து விரக்கடை, ஆறு விரக்கடை என்று இறங்கியது. புழுக்கள் 2003இல் திரும்பி வந்தன. கரம்பை வண்டியிலேயே வந்ததாகப் பெருமாள்சாமி சொன்னார். அவருக்கு வருத்தம், தோட்டத்தின் அடி நிழலில் அவர் வெள்ளாடுகள் படுத்துப் பழகியிருந்தன. "செத்த மெதுவா எறக்கும்மா, ஆடுக எங்குட்டுப் போகும்?" என்று கேட்டே விட்டார்.

2005 ஆவணி மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை மதியம், தோட்டம் தரையைத் தொட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. இன்னாசியம்மாள் உள்ளே இறங்கி நின்று பார்த்தாள். கணுக்கால் வரை புதைந்தது, பொதுபொதுவென்று, கருப்பாக. வாய்க்காலைத் திறந்தாள். தண்ணீர் மடையேறி, பாத்திக்குள் வந்து, அவள் காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. மில்லுக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். விதை வெங்காயம் இரண்டு மூட்டை வாங்கி வீட்டு மூலையில் பரப்பினாள். நாற்பது வயதில் முதல் தடவையாக மதியத் தூக்கம் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்புகள் வந்தன, இந்த முறை ஏழு. இடைப்பட்ட காலத்தில் நாலு வேளாண்மை ஆபீசர்கள் மாறியிருந்தார்கள். ஐந்தாமவர், நிலத்தைத் தரையிறக்கியது தம் துறையின் ஒன்பதாண்டுத் தொலைநோக்குத் திட்டம் என்று அறிவித்தார். விழா தோட்டத்திலேயே நடக்க வேண்டும் என்று முடிவானது. இன்னாசியம்மாள், "சார், தண்ணி பாய்ச்சி ஈரமா கெடக்கு, ரோட்டோரமா வச்சுக்கங்க" என்றாள். "அம்மா, இது உங்க மண்ணுக்கு மரியாதை" என்றார் ஆபீசர். பந்தக்கால் ஊன்றினார்கள். நாற்காலி லாரி பின்பக்கமாக உள்ளேயே வந்தது. நானூறு பேர் திரண்டார்கள். செபஸ்தியானுக்குச் சால்வை போர்த்தினார்கள்; அவன் மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் பேசினான். சடையாண்டிக்கு அழைப்பு இல்லை, ஆகவே அவர் தூரத்தில் ஆடுகளோடு நின்று பார்த்தார். மாண்புமிகு மண்ணைப் பற்றி ஏழு பேர் சொற்பொழிவாற்றினார்கள். கடைசியில் பேசியவர், இந்த நிலம் இனி ஒருபோதும் மேலே எழும்பாது என்று கூட்டத்துக்கு உறுதியளித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் காலையும் தட்டினார்கள்.

நானூறு பேரும் லாரியும் மிதித்த ஈர மண் மூன்று நாள் வெயிலில் காய்ந்து இறுகியது. நாலாம் நாள் இன்னாசியம்மாள் மண்வெட்டியைப் போட்டாள், நெருப்புப் பொறி பறந்தது. அந்தப் போகம் வெங்காயம் நடவில்லை.